மார்பில் ஒரு கால்

மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் என எண்ணுவது நம் வழக்கம். பிரேசிலிய ஜுஜுட்சு அதனை மறுக்கிறது. 1914ஆம் ஆண்டிற் பிரேசிலை அடைந்த யப்பானிய வீரர் மயேதா கற்பித்த ஜூடோவினின்றும் வளர்ந்த இம்மற்கலையில், கீழே கிடப்பவன் தன் கால்களை மேலிருப்பவன் இடையிற் பின்னிக் காவல் அமைக்கிறான். அக்காவலைக் கடப்பதே புதிய மாணாக்கனுக்குப் பெருஞ் சோதனை.

அவன் வலிமையை நம்பி முன்னே சாய்கிறான். ஒரு கை கால்களுக்கு உள்ளும் மற்றது வெளியுமாக அகப்பட்டால், அக்கால்களே முக்கோணமாக மடிந்து கழுத்தை நெரிக்கும். ஆதலின் முதுகை நிமிர்த்தி, முழங்கைகளை ஒடுக்கி, பின்னிய கால்களை முதலிற் பிரித்தல் வேண்டும். பின்னரே ஒரு காலை அடக்கிப் பக்கவாட்டிற் கடந்து மார்பை அழுத்தலாம். அந்நிலையை 3 விநாடி காத்தால் போட்டியில் 3 புள்ளிகள் கிடைக்கும்.

இந்நுட்பம் தமிழர் அறியாததன்று. வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திற் புறநானூற்றைப் புரட்டும் அன்பர்கள் 80ஆம் பாட்டைக் காண்க. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பை அழுத்துகிறது. மற்றதோ அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே நிற்கிறது. வெற்றி கைவந்த வேளையிலும் ஒரு கால் காவலுக்கே! மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன் இக்காட்சியைக் காணவேண்டும் எனப் புலவர் விழைகிறார். வெறும் வலிமையாயின் அவ்வாறு விழைவாரோ?

‘கடத்தல்’ என்னும் பழஞ்சொல் தாண்டுதலையும் வெல்லுதலையும் குறிக்கும். தாண்டுமுன் வெல்ல விரைபவன் இரண்டையும் இழப்பான்.