கூரை இல்லாத காரும் பெயர் மாறாத புத்தகமும்

திறந்த காரை விற்பவர் மழை நாளில் யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. ஹெந்தளையில் வெயில் தணிந்து கடற்காற்று எழும் மாலை வேளையில்தான் கொட்டகைக் கதவு திறக்கும். உள்ளே நீண்ட பொனட், தவிசு போன்ற இரண்டு மட்கார்ட், பின்னால் மடித்துக் கட்டிய கன்வஸ் கூரை, குடும்பமே ஏறி உட்காரக்கூடிய தோல் ஆசனம். "தோட்டத்துத் துரை வைத்திருந்த கார் ஐயா, இலங்கையிலேயே இது ஒன்றுதான்" என்பார் தரகர். அவர் சொல்லி முடிப்பதற்குள் வாங்க வந்தவரின் மனம் நீர்கொழும்பு வீதியில் கார் ஓட்டத் தொடங்கிவிடும்.

இந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரிய திறந்த காரை வாங்குகிறவர் இரும்பை மட்டும் வாங்குவதில்லை. இரும்போடு ஒரு பதிவுப் புத்தகத்தையும் ஒரு கதையையும் சேர்த்தே வாங்குகிறார். விலையில் பெரும்பங்கு கதைக்குப் போகிறது. ஆனால் அந்தக் கதை எழுத்தில் ஏறியிருந்தால்தான் நீதிமன்றத்தில் அதை நிறுவ முடியும்.

கதைக்கு என்ன விலை என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 1940இல் கடற்படையின் இளம் அதிகாரியாக இலங்கைக்கு வந்த பிலிப் இளவரசர் 12 பவுணுக்கு வாங்கிய 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் கார் கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அவர் வாங்கியபோது அது ஐந்து வயதான ஒரு சின்னப் பழைய கார், அவ்வளவுதான். யார் கையில் இருந்தது என்ற சான்று இல்லாவிட்டால், பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் அதைப் பார்ட்ஸ் பார்ட்ஸாகப் பிரித்து விலை சொல்லியிருப்பார். இப்போது, துரை வைத்திருந்ததாகத் தரகர் சொன்ன கதைக்கு என்ன சான்று இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "எல்லாருக்கும் தெரியும்" என்பதே பதிலாக வரும்.

பெரிய கார்களில், அதிலும் திறந்த கார்களில், இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1920களிலும் 30களிலும் ரோல்ஸ் ரொய்ஸ், பென்ட்லி போன்ற கம்பனிகள் செஸியையும் எஞ்சினையும்தான் விற்றன. மேலே உட்காரும் பொடியை வேறொரு பட்டறை கட்டிக் கொடுத்தது. ஒரே செஸி முதலில் மூடிய காராகவும், நாற்பது வருடம் கழித்துத் திறந்த காராகவும் ஓடியிருக்கலாம். திறந்த காருக்கு இன்று விலை கூட என்பதால், உக்கிப்போன மூடிய பொடியைக் கழற்றி எறிந்துவிட்டு 'டூரர்' பொடி கட்டி ஏற்றுவது உலகம் முழுவதும் நடக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் அதில் குற்றம் இல்லை. "பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

இங்கிலாந்தில் இது நீதிமன்றம் வரை போனது. 1929இலும் 1930இலும் லு மான்ஸ் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் வன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரை 1990இல் ஒரு கம்பனி சுமார் ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, பந்தயத்தில் ஓடிய காரின் இரும்பு இதில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. நீதிபதி ஒட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறியிருந்தாலும் கார் இடையறாத ஒரே வரலாற்றோடு வந்திருக்கிறது, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரியதே என்பது தீர்ப்பின் சாரம். அந்த வரலாற்றைக் காட்ட விற்றவரிடம் ஆதாரம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே ரோல்ஸ் ரொய்ஸ் அல்லது பென்ட்லி என்று சொல்லப்பட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னரே செஸி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோல்ஸ் ரொய்ஸின் பழைய செஸி பதிவேடுகளும், அந்தக் கம்பனி கட்டிய பென்ட்லிகளின் பதிவேடுகளும் இங்கிலாந்தில் ரோல்ஸ் ரொய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் யாருக்குப் போனது, எந்தப் பட்டறை என்ன பொடி கட்டியது என்பதற்கான பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஃபோர்ட் மொடல் ஏ என்றால் பார்க்கும் இடம் வேறு. எஞ்சினில் வெட்டிய அதே இலக்கம் செஸியிலும் வெட்டப்பட்டிருக்கும், ஆனால் பொடிக்கு அடியில் மறைந்திருக்கும். எஞ்சின் ஒரு தரம் மாறியிருந்தால் புத்தகத்தில் உள்ள இலக்கம் ஒன்று, காரில் உள்ளது இன்னொன்று என்றாகிவிடும். இலங்கையில் பழங்கார்ச் சங்கங்கள் இயங்குகின்றன. விற்பவரின் நண்பராக இல்லாத ஒரு மூத்த உறுப்பினரை அழைத்துப்போய்க் காட்டினால், பத்து நிமிடத்தில் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

இனி புத்தகம். இங்கே பலர் சறுக்குவது 'ஓபன் பேப்பர்' என்ற இடத்தில்தான். விற்றவர் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டு வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதை அடுத்தவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஓபன் பேப்பரில் திரியும் காரை எத்தனை பேர் வைத்திருந்தாலும், திணைக்களத்தின் கண்ணில் பழைய பெயர்க்காரர்தான் உரிமையாளர். அவருக்குக் கடன் கொடுத்தவர் அந்தக் காருக்கு உரிமை கோரலாம். அவர் இறந்துவிட்டால் கையெழுத்துப் போட்ட படிவம் பிள்ளைகளோடு வழக்காடத்தான் உதவும். விற்றவருக்கும் இதில் நிம்மதி இல்லை. கார் எங்காவது விபத்தில் மாட்டினால் பொலிஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

போருக்கு முந்தைய கார்களில் இன்னொன்றும் நடக்கும். புத்தகத்தில் இருப்பது தாத்தாவின் பெயர், தாத்தா போய் முப்பது வருடம். பேரன் ஒருவர் சாவியைத் தருகிறார் என்பதற்காக உரிமையும் வந்துவிடாது. எல்லா வாரிசுகளின் சம்மதமும், தேவைப்படும் இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாசன வழக்கும் முடிந்தாக வேண்டும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் குடும்பங்களின் வாரிசுகளில் பாதிப் பேர் டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பார்கள். "அண்ணா எனக்கு அட்டோர்னி பவர் தந்திருக்கிறார்" என்றால், அது பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். தந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். தந்தவர் இறந்ததும் அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

கார் இல்லாத புத்தகம் என்றும் ஒன்று உண்டு. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன்னர் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. அந்தப் பழைய எழுத்துத் தகடுக்கே இன்று ஒரு மவுசு. செத்துப்போன ஒரு காரின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அங்கும் இங்கும் பொறுக்கிய பாகங்களால் ஒரு காரை அதற்காகவே கட்டி எழுப்புவார்கள். அந்தப் பாகங்கள் சுங்கத்தை ஏமாற்றி வந்தவையானால், "எனக்குத் தெரியாது" என்ற பதில் காரைக் காப்பாற்றாது. திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டு விவரத்தை எடுத்து, செஸியில் வெட்டியிருப்பதை நீங்களே விரலால் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள். போட்டோவில் பார்த்தது போதாது.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது, தரகர் "இதில் போடுங்கள்" என்கிறார் என்றால் பேனாவை மூடி வையுங்கள். 1988இன் 16ஆம் திருத்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, மேல் மாகாணத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

இரும்பைப் பற்றியும் கொஞ்சம். அக்காலப் பொடிகளில் பலவற்றுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும், அதன் மேல்தான் தகடு. ஹமில்டன் கால்வாய்க்கும் கடலுக்கும் அருகே உள்ள ஹெந்தளையில் உப்புக் காற்று தகட்டைத் தின்னும், கறையான் சட்டத்தைத் தின்னும், மேலே பெயின்ட் மட்டும் பளபளக்கும். கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தூண் அசைந்தால் உள்ளே மரம் இல்லை என்று அர்த்தம். எஞ்சின் பெயரிங் பலவற்றில் வார்த்து ஊற்றும் வெள்ளை உலோகம். அதை ஒழுங்காக ஊற்றிக் கடையத் தெரிந்த பாஸ்மார் அருகி வருகிறார்கள். பல கார்களின் பிரேக் கம்பியிலும் கேபிளிலும் இழுபடுவது. இரண்டு தொன் காரைப் பேலியகொடை நெரிசலில் அதை நம்பி நிறுத்த வேண்டும். கூரையும் இல்லை, சீற் பெல்ட்டும் இல்லை, கவிழ்ந்தால் உங்கள் தலைதான் முதலில் தரையைத் தொடும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அந்தத் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள் என்று கராஜில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து வந்த பழைய கார் என்றால் இன்னொரு கேள்வி. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியவை. அவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்கள்தான். ஆனாலும் அந்த ஓட்டம் எஞ்சினுக்குள் என்ன செய்தது என்று திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

பெற்றோல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ரோல்ஸ் ரொய்ஸின் முதல் இரண்டு பாண்டம் மொடல்களின் எஞ்சின் 7.7 லீற்றர். கேலனுக்கு 10 மைல் ஓடினாலே பெரிய காரியம். 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்களே, அது இந்தக் காரை எழுபது கிலோமீற்றர்தான் ஓட்டியிருக்கும். ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய் வந்து மிச்சத்தில் ஒரு நாள் கோட்டைக்குப் போயிருக்கலாம்.

ஏமாந்த பிறகு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு: 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற இரண்டும் தனியாரிடம் வாங்கினாலும் பொருந்தும். திருட்டுக் கார் என்றால் நல்லெண்ணத்தில் வாங்கினாலும் சொந்தக்காரர் மீட்டுக்கொள்வார், உங்கள் காசை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். தரத்தைப் பற்றிய பாதுகாப்பு, அதையே தொழிலாகச் செய்யும் வியாபாரியிடம் வாங்கினால்தான் வலுவாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டு ஐயாவிடம் வாங்கிய காரில் கறையான் இருந்தால், அவர் எழுதித் தந்ததைத் தவிர உங்கள் கையில் வேறொன்றும் இல்லை.

அதனால் எழுதுங்கள். செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், பொடி எப்போது யாரால் கட்டப்பட்டது, எது மாற்றப்பட்டது, பெயர் எத்தனை நாளில் மாறும், திணைக்களம் மறுத்தால் காசு எப்போது திரும்பும் என்று அனைத்தையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். தரகர் சொன்ன கதையையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் விலையைக் குறைக்கலாம், அல்லது எழுந்து வரலாம். காசை வங்கி வழியாகக் கொடுங்கள், ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வையுங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குத் தொடர 6 வருடம் உண்டு, வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான்.

வியாபாரியோடுதான் தகராறு என்றால், வாங்கிய 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி 1977. சிறு தொகை வழக்குகள் நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும், பெரியவை மாவட்ட நீதிமன்றத்துக்கு. பொலிசில் "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லிக் காசு பறித்ததற்கு மெசேஜும் விளம்பரமும் சாட்சியாக இருந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வரும் மோசடி. அவற்றை அழிக்காமல் அச்செடுத்துக் கொண்டு போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

குறை தெரிந்த அன்றே காரைத் தொடுவதை நிறுத்துங்கள். ஆசையில் டிங்கரிங்குக்கு விட்டு, பொடியைக் கழற்றி, எஞ்சினைப் பிரித்துப் போட்டால் காரை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். அதற்குப் பிறகு நட்டஈடு மட்டும் கேட்கலாம், காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க முடியாது. போட்டோ எடுத்து, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, கொட்டகையைப் பூட்டிவிட்டு சட்டத்தரணியிடம் போங்கள்.