வாடகைக் கார் பேசும் முன்னால்...



எங்க ஏரலில் ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் வாடகைக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தால் போதும் என்று வாடகையை ஒழுங்காகப் பேசாமலே ஏறிவிடுகிறோம். கல்யாணம், காதுகுத்து, மதுரை ஆஸ்பத்திரி என எதற்குக் கார் பிடித்தாலும், பேசுவது ஆம்பளைகள் பாடு என்று நாம் ஒதுங்கிக்கிடுதோம். கடைசியில் வீட்டுச் செலவில் துண்டு விழுந்தால் சமாளிப்பது யார்? நாம்தானே!

எங்க தெருவில் ஒரு மதினி குடும்பத்தோடு நவகைலாயம் போனார். பாபநாசத்தில் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை ஒன்பது சிவன் கோயில். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போனில் பேசியதோடு சரி. ராத்திரி வாசலில் இறங்கியதும் கணக்கு வந்தது. கார் திருநெல்வேலி ஷெட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்ப ஷெட்டுக்குப் போய்ச் சேரும் தூரம், டிரைவர் பேட்டா, வெயிட்டிங் எல்லாம் சேர்த்துக் கேட்டார்கள். மகளுடைய ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைத்தான் மதினி எடுத்துக் கொடுத்தார். டிரைவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முதலாளி சொன்னதை அந்தத் தம்பி கேட்டார், அவ்வளவுதான்.

ஆகவே தோழிகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுக்கிடுங்க:

* கிலோமீட்டர் கணக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும்? நம் வீட்டிலிருந்தா, ஷெட்டிலிருந்தா? ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரை செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர்? 300 கிலோமீட்டர் மினிமம், கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாம் 180 கிலோமீட்டர்தான் சுற்றினாலும் 4,200 ரூபாய் கொடுக்கணும். பக்கத்து ஊருக்கு என்றால் மொத்த வாடகையாகப் பேசுவதே லாபம்.

* பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு? மதுரைக்குப் போனால் புதூர்பாண்டியாபுரம், எலியார்பத்தி என்று டோல்கேட் இருக்கிறது. பாஸ்டேக் இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் இரட்டிப்புக் கட்டணம். கேரளாவுக்குப் போனால் பெர்மிட், வரி பற்றியும் முதலிலேயே கேளுங்கள்.

* கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள். திறக்கும் வரை வெயிட்டிங் சார்ஜ் உண்டா?

* எந்த வழியாகப் போவது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்க ஏரல் ஆற்றுப் பாலமும் சேதமாகி, சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நேரத்தில் கூடுதல் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று பேசிக்கிடணும்.

பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி வாங்கி வைத்தால் வாசலில் நின்று சண்டை போட வேண்டாம்.

பணத்தை விடப் பெரிய விஷயம் நம்பர் போர்டு. வாடகைக் காருக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்கும். கரண்டில் ஓடும் வாடகைக் கார் என்றால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு உள்ளது. "சொந்தக்காரர் வண்டிதான், நூறு இருநூறு குறைச்சுக் கொடுக்காக" என்று அதில் ஏறுகிறோம். நல்லபடியாகத் திரும்பினால் சரி. விபத்து என்று ஆகிவிட்டால், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியது பாலிசிக்கு விரோதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடம் இருக்கிறது. குடும்பமே ஏறும் வண்டியில் இருநூறு ரூபாய் பெரிசா? எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைத் தட்டினால் இன்சூரன்ஸ், எப்.சி. எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது இளவட்டங்கள் டிரைவர் இல்லாமல் தாங்களே ஓட்ட கார் எடுக்கிறார்கள். அதற்கு மத்திய அரசின் 1989-ம் வருஷத் திட்டப்படி லைசென்ஸ் உண்டு. அந்தக் கார்களுக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. எடுக்கும் முன் நாலு பக்கமும் கீறல், நசுங்கலை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டெபாசிட் எப்போது திரும்ப வரும், விபத்தானால் நம் கையிலிருந்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

டிரைவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். முந்தின ராத்திரி தூங்கினாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்கினால் டீக்கடையில் நிறுத்தி அரை மணி நேரம் தூங்கச் சொல்வதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ராத்திரியில் பெண்கள் மட்டும் போனால் வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. மூன்றையும் போனில் பதிந்து வையுங்கள்.

ரெண்டு பேர் மட்டும் போக கார் எதற்கு? பஸ்ஸே போதும். மிச்சமாகும் காசில் பிள்ளைகளுக்கு ஒரு செட் துணி எடுக்கலாமே!

— ஓர் இல்லத்தரசி, ஏரல்.