விலை பேசும் இடங்கள் – 9: தம்புள்ளையில் விலையை யார் சொல்வது?

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்குள் பரந்தனிலிருந்து வந்த சின்ன லொறி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து ஒரு கடை வாசலில் நின்றது. உள்ளே முப்பத்தெட்டு மூட்டை கத்தரிக்காய். இறங்கி வந்த கமக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். முகம்கூடக் கழுவவில்லை. "முதலாளி, இண்டைக்கு என்ன விலை போகுது?"

முதலாளி உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு காயை எடுத்தார். காம்பைப் பார்த்தார். ஒன்றை ஒடித்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொண்ணூறு போடலாம் தம்பி."

"நேற்று நூற்றிப்பத்து எண்டாங்களே."

"அது நேற்று."

இந்தப் பேச்சு நடக்கும்போதே நாட்டாமி இரண்டு பேர் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். விலை முடியவில்லை, சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவேயில்லை.

இந்த வாரம் இணைய ஏலத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத் தம்புள்ளை எதற்கு என்று கேட்கலாம். ஏலம் கேட்பது, உடனே வாங்குவது என்று இணையம் வைத்திருக்கும் இரண்டு பொத்தான்களின் உண்மையான பெறுமதி, அவை இரண்டும் இல்லாத ஓரிடத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் அந்தப் பொத்தான்கள். 1995 செப்டெம்பரில் பியர் ஒமிடியார் என்ற மென்பொருள்காரர் கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஈபே ஆனது. அங்கே முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் சுட்டி. விலை 14.83 டொலர். பழுதானது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்று ஒமிடியார் வாங்கியவரிடமே விசாரித்தார். பழுதான சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்தது. எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவர் வந்து சேரும்வரை பொறுத்திருக்க நேரம் வேண்டும். ஏழு நாள், பத்து நாள் என்று ஏலம் திறந்து கிடப்பது அதற்காகத்தான்.

அந்த ஏழு நாளும் கணினி முன்னால் குந்தியிருக்க யாரால் முடியும்? அதற்குத்தான் பதிலாள் கேள்வி என்ற ஏற்பாடு. ஒரு பழைய பித்தளைத் தராசு ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாவில் தொடக்கம், நூறு நூறாக ஏற்றம். உங்கள் உச்சவரம்பு ஐயாயிரம் என்று இரகசியமாகப் பதிந்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். இன்னொருவர் நாலாயிரத்து இருநூறு வரை கேட்கிறார். தளம் உங்களுக்காக நாலாயிரத்து முந்நூறில் நிறுத்திவைக்கும். ஐயாயிரத்துக்குப் போகாது. அடுத்தவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். 1961 இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் எழுதிய தத்துவத்துக்கு இது மிக நெருக்கமானது. கூடக் கேட்டவர் வெல்வார், ஆனால் இரண்டாவது ஆள் கேட்ட விலையைத்தான் கொடுப்பார். அப்படி இருந்தால் மனதிலுள்ள உண்மை விலையைச் சொல்ல எவருக்கும் பயம் இருக்காது என்றார் விக்ரி. 1996 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் காலமாகிவிட்டார்.

ஆனாலும் ஆட்கள் கடைசி விநாடியில்தான் பாய்கிறார்கள். ஏலம் முடியப் பத்து விநாடி இருக்கும்போது ஒருவர் ஆறாயிரம் என்று போட்டால் தராசு ஐயாயிரத்து நூறுக்கு அவர் கைக்குப் போய்விடும். திருப்பிக் கேட்க உங்களுக்கு நேரம் இராது. அமேசான் முன்பு ஏலம் நடத்தியபோது, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாகத் தள்ளிப்போகும்படி வைத்திருந்தது. ஆல்வின் ரொத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் இரண்டு தளங்களையும் ஒப்பிட்டு 2002 இல் எழுதினார்கள். நேரம் நீளும் இடத்தில் இந்தக் கடைசி நேரப் பாய்ச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு விதியை மாற்றினால் சனத்தின் குணமே மாறியதுபோலத் தெரிகிறது.

2000 ஆம் ஆண்டில் ஈபே 'உடனே வாங்கு' பொத்தானைச் சேர்த்தது. விற்பவர் ஏலத்தோடு ஒரு நிலைவிலையையும் போடுகிறார். அதைக் கொடுப்பவருக்குப் பொருள் அப்போதே சொந்தம், ஏலம் அத்தோடு முடிந்தது. ஈபேயில் பொதுவாக முதல் கேள்வி விழுந்ததும் அந்தப் பொத்தான் மறைந்துவிடும். யாகூ தன் ஏலத் தளத்தில் அதைக் கடைசிவரை விட்டுவைத்தது. அங்கே அது விலைக்குக் கூரை மாதிரி நின்றது. இரண்டிலும் ஒன்று பொது. பொறுமை இல்லாதவரும், கைதவறிப் போய்விடுமோ என்று பயப்படுகிறவரும் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் கூடுதல் காசு விற்பவருக்குப் போகிறது. உடனடி விலையைச் சொல்பவர் விற்பவர், அவசரம் வாங்குபவருடையது.

தம்புள்ளையில் இது அப்படியே தலைகீழ். அவசரம் விற்பவருடையது. உடனடி விலையை வாங்குபவர் சொல்கிறார்.

1999 இல் திறந்த இந்த நிலையம் கண்டி–யாழ்ப்பாணம் வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் ஊரில் இருக்கிறது. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் தெற்கிலிருந்து ஏறி வருகின்றன, வன்னியின் கத்தரியும் பூசணியும் வடக்கிலிருந்து இறங்கி வருகின்றன. பக்கத்துக் கலேவெலவிலிருந்து பெரிய வெங்காயம். இங்கே விலை கூறி ஏலம் விடுவதில்லை. யாழ்ப்பாணத்து மீன் சந்தையில் காலையில் கேட்கும் அந்தக் கூறும் குரல் இங்கே இல்லை. கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள், தனித்தனிப் பேச்சு. பக்கத்துக் கடையில் என்ன விலை என்பது லொறியோடு நிற்பவருக்குத் தெரியாது. போய்க் கேட்கலாம், ஆனால் முப்பத்தெட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெயில் ஏறினால் காய் வாடும்.

போன வாரம் பார்த்த கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 இல் தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின் ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. மாற முடிந்ததற்குக் காரணம், மாதிரி முன்கூட்டியே வாங்குபவர் கைக்குப் போய்விடுகிறது, தேயிலை பொறுத்திருக்கும். போடிநாயக்கனூர் ஏலக்காயும் அப்படித்தான். 2007 இல் அங்கே மின்னணு ஏலம் வந்தது. காய்ந்த காய், கையில் மாதிரி, எதிரே திரை. கத்தரிக்காயின் மாதிரி என்பது மூட்டையின் அடியில் கைவிட்டு எடுக்கும் அந்த நாலு காய்தான்.

அதற்காக வழியே இல்லையா? சிங்களத்தில் ஏலத்தை 'வெந்தேசிய' என்பார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதே ஒல்லாந்தரின் நாட்டில், புரூக் ஒப் லாங்கடைக் என்ற ஊரில், 1887 இல் மரக்கறிக்கென்றே ஒரு ஏலம் தொடங்கினார்கள். வள்ளத்தில் வந்த பூக்கோவாவுக்குக் கூடிய விலையில் தொடங்கி இறக்கிக்கொண்டே வருவது. முதலில் யார் 'எனக்கு' என்கிறாரோ அவருக்கே சரக்கு. பிறகு அதற்கு மணிக்கூடு வைத்தார்கள். ஏலமும் உடனே வாங்குவதும் ஒரே மூச்சில் நடக்கிறது, ஒரு லொட்டுக்குச் சில விநாடி. அழுகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன். சொல் மட்டும் இங்கே தங்கிவிட்டது என்பதை நினைக்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பொருளியலாளர் ஹர்ஷ டி சில்வா முன்னின்ற கொவி ஞான சேவை, இதே தம்புள்ளையில் கடை விலைகளைத் திரட்டிப் பெரிய மின்பலகையில் காட்டியது. 2009 இல் டயலொக்கின் ட்ரேட்நெட் அந்த விலைகளைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. தம்புள்ளைக்குச் சரக்குக் கொண்டுவரும் சிறு விவசாயிகளைப் பற்றி லேர்ன்ஏசியா ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, தகவல் தேடுவதற்கே மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம் போவதாகக் கண்டார்கள். விலையைத் தெரிந்துகொள்வதற்கே ஒரு விலை. கமக்காரரின் கையில் ஒரு எண் இருந்தால் 'அது நேற்று' என்ற ஒற்றைச் சொல்லில் அவரை மடக்க முடியாது.

பரந்தன்காரர் போனை எடுத்துத் தம்புத்தேகமவில் உள்ள மச்சானைக் கூப்பிட்டார். அங்குள்ள பொருளாதார நிலையத்தில் நூறு போகிறதாம். திரும்பி வந்து அதைச் சொன்னார். முதலாளி கல்குலேட்டரைத் தட்டினார், சத்தமில்லாமல் ஏதோ கணக்குப் பார்த்தார். "சரி, தொண்ணூற்றைஞ்சு. உனக்காக." ஒன்றரைத் தொன் சரக்கில் அந்த ஐந்து ரூபா, ஏழாயிரத்து ஐந்நூறு. லொறியில் அப்போது மூன்று மூட்டைதான் மிச்சம் இருந்தது. அவர் தலையாட்டினார்.

அவர் துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது அடுத்த லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து குதித்த பெடியன் கடைக்குள் போகவில்லை. நேரே இவரிடம் வந்தான்.

"அண்ணை, என்ன விலை போகுது?"

"தொண்ணூறு எண்டுவார். மூட்டையை இறக்க விடாத."