தொலைவும் நேரமும்

இலண்டன் மாநகருக்கும் பாரிசு மாநகருக்கும் இடையேயுள்ள தொலைவு யாது? கடலையும் கரையையும் கருதாது நேராக அளந்தால் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். இக்காலப் பயணி விமானமோ உயரத்தை எட்டியபின் மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவில் பறக்க வல்லது. ஆகவே அரைமணிக்குள் பாரிசை அடையலாம் எனக் கணக்கில் வல்ல மாணவன் உடனே விடை பகர்வான். வகுத்த கணக்குச் சரியே, விடைதான் பிழை. விமான அட்டவணை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்கின்றது.

எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? விமானம் தரையை விட்டெழுந்து உயர்வதற்கும், பின்னர் இறங்குவதற்கும் நெடுநேரம் வேண்டும். அப்பொழுதெல்லாம் அதன் விரைவு குறைவே. இத்துணைக் குறுகிய வழியில், முழு விரைவை எய்திய சிறிது நேரத்திற்குள்ளாகவே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். வானிலும் வகுத்த வழிகள் உண்டு. அவை நேர்கோடுகள் அல்ல. காற்றை எதிர்த்து இறங்கும்பொருட்டுச் சுற்றி வருதலும் உண்டு. இவையன்றி, நிலையத்தில் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், சென்ற இடத்தில் நிற்பது வரையிலான நேரம் முழுவதையும் அட்டவணை கணக்கிற் சேர்க்கின்றது. ஓடுபாதையருகே முறைக்குக் காத்து நிற்பதும் அதில் அடங்கும்.

இவ்வழியின் பழங்கதை சுவையுடையது. 1785ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் பிளான்சார்டு என்ற பிரெஞ்சுக்காரரும், செபரீசு என்ற அமெரிக்க மருத்துவரும் டோவரிலிருந்து பலூனில் ஏறிக் கடலைக் கடந்தனர். பலூன் தாழத் தொடங்கவே, பாரத்தைக் குறைக்க வேண்டி, உடுத்திருந்த ஆடைகளையுங்கூடக் களைந்து கடலில் எறிந்தனராம்! குளிர்காலத்தில் இது எளிய செயலன்று. பிரான்சு நாட்டு மண்ணில் இறங்க இரண்டரை மணி நேரம் போல் ஆயிற்று. 1909ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பிளேரியோ, தாமே அமைத்த விமானத்தில், கலேயிலிருந்து டோவருக்கு 40 நிமிடங்களுக்குள் பறந்து வந்தார். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் விமானப் போக்குவரவு தொடங்கிற்று. முதல் விமானம் ஒரே பயணியையும், பாலேடு முதலிய சில பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் சென்று சேர்ந்தது. அதன்பின் விமானத்தின் விரைவு நான்கு மடங்கு பெருகியும், பயண நேரம் பாதியளவே குறைந்துள்ளது.

விமான நிலையங்கள் இரு நகர்களின் நடுவிலிருந்தும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. அங்குச் செல்லவும், சோதனைக்குக் காத்திருக்கவும் ஆகும் நேரத்தை எந்த விமான அட்டவணையும் காட்டாது. 1994ஆம் ஆண்டில் கடலுக்கடியே சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் வழியே செல்லும் விரைவுப் புகைவண்டி—புகையில்லாத மின்வண்டியேயாயினும் பழக்கத்தால் அவ்வாறு கூறுகின்றேன்—ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் நகரின் உள்ளிருந்து நகரின் உள்ளேயே கொண்டு சேர்க்கின்றது. வீட்டு வாயிலிலிருந்து எண்ணிப் பார்ப்போர் பலர் இதனையே விரும்புகின்றனர்.

இன்னுமொரு புதிரும் உண்டு. காலை 9 மணிக்குப் பாரிசில் ஏறியவர் 9.15க்கு இலண்டனில் இறங்குவதாக அட்டவணை காட்டும். அவரே மறுநாள் காலை 9 மணிக்கு இலண்டனில் ஏறினால் பாரிசில் இறங்கும்பொழுது மணி 11.15. பாரிசுக் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தினும் ஒரு மணி நேரம் முற்பட்டது. பறந்த நேரமோ இருமுறையும் ஒன்றேகால் மணிதான்.