மலைச்சாலைக்கு யார் பொறுப்பு: அன்றும் இன்றும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து கேமரன் மலையின் பிரிஞ்சாங்கிற்கு ஏறும் சாலை பிறந்ததே ஒரு குத்தகையில்தான். வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவிட்டுப் போனார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் வண்டி ஏற வழியில்லை. 1920-களில் இங்கே மலைவாசத்தலம் அமைக்க ஆங்கில அரசு முடிவு செய்தது. சாலை போடும் வேலை ஃபாக்டன், பிரிஸ்பேன் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1928 தொடக்கத்தில் காடு வெட்டத் தொடங்கினார்கள். 1931-இல் சாலை முடிந்தது. நீராவி உருளைகள் தாமாக ஏற முடியாத இடங்களில் அவற்றைக் கழற்றி, பாகம் பாகமாக மேலே இழுத்துப் போய் மறுபடி பூட்டினார்கள். ஓயாத மழை ஒருபுறம், மலேரியா மறுபுறம். மொத்தச் செலவு முப்பது லட்சம் டாலருக்குச் சற்று மேல்.

குத்தகை அங்கே முடிந்தது. சாலையைக் காக்கும் வேலையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்று ஜே.கே.ஆர். என்று நாம் சொல்லும் பொதுப்பணி இலாகா தன் வரலாற்றை 1872-இலிருந்து கணக்கிடுகிறது. மலாயாவின் சாலைகளில் அந்த இலாகாவுக்காக மண் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். தோட்டத்தில் கங்காணியும் தண்டலும் இருந்ததுபோல், சாலையில் மண்டோரும் ஓவர்சியரும் இருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இத்தனை மைல் என்று சாலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மழைக்கு முன் வடிகாலைத் தோண்டுவதும், சரிந்த மண்ணை அள்ளுவதும், குழிக்குக் கல் போட்டுத் தார் ஊற்றுவதும் அவர்கள் வேலை. எந்த வளைவில் மண் முதலில் இளகும், எந்த மதகில் இலை அடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அந்த அறிவுக்குக் கிடைத்த கூலியையும் சொல்லியாக வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளருக்கு அரசு வகுத்த அளவுக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே வெயிலில், ஒரே மழையில் நின்றவர்களுக்கு இந்தப் பத்துக் காசு வேறுபாட்டை அன்றைய சட்டம் நியாயம் என்றது. இன்று மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். ஆண், பெண் என்ற பிரிவு அதில் இல்லை. பழைய சாலையை நினைத்து ஏங்குகிறவர்கள் பழைய கூலியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

போக்குவரத்தை அடக்கும் முறையும் அன்று மனிதன் கையில்தான் இருந்தது. கேமரன் மலை இருக்கும் அதே பகாங் மாநிலத்தின் இன்னொரு மலைவாசத்தலமான ஃபிரேசர் மலையில், கேப் என்ற இடத்திலிருந்து மேலே போகும் எட்டுக் கிலோமீட்டர்ச் சாலை ஒரு வண்டிக்கே அளவானது. அங்கே சிவப்பு, பச்சை விளக்கு எதுவும் இல்லை. தடுப்புக் கதவும் கடிகாரமும் இருந்தன. ஒற்றைப்படை மணிகளில் ஏறலாம், இரட்டைப்படை மணிகளில் இறங்கலாம். நேரம் தவறியவர் அடிவாரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். பல பத்தாண்டுகள் அந்த ஒழுங்கு நின்றது. பழுதாக அதில் எந்தக் கருவியும் இல்லை. கதவுக்காரர் விழித்திருந்தால் போதும்.

பெரிய மாற்றம் 2000-இல் வந்தது. தீபகற்ப மலேசியாவின் கூட்டரசு சாலைகளைப் பராமரிக்கும் பணி மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் பதினைந்து ஆண்டுக் குத்தகையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பகாங் ரோட்கேர் நிறுவனத்தின் பங்கிலும், பேராக் பெலாத்தி வாங்சா நிறுவனத்தின் பங்கிலும் விழுந்தன. தாப்பா பேராக்கில் இருக்கிறது, பிரிஞ்சாங் பகாங்கில் இருக்கிறது. ஆக, ஒரே மலையேற்றத்தில், மாநில எல்லையைத் தாண்டியதும், புல் வெட்டுகிறவரும் குழி அடைக்கிறவரும் மாறிவிட்டார்கள். பயணிக்கு அந்தக் கோடு தெரியாது. குழியில் சக்கரம் இறங்கியபின்தான் இது யார் பகுதி என்ற கேள்வியே எழும்.

சமிக்ஞை விளக்குக்கு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. பழைய விளக்குக்குள் இழை பல்பு இருந்தது. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மின்னோட்டத்தில் சுழலும் ஒரு கால அளவி, வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அதே நொடிக் கணக்கில் நிறம் மாற்றியது. ஏணியும் கையில் ஒரு பல்பும் இருந்தால் பழுது தீர்ந்தது. இன்று எல்.இ.டி. விளக்கு பல ஆண்டு உழைக்கிறது. மின்செலவில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. பழைய பல்பு போனால் ஒரு நிறமே இருண்டுபோகும்; எல்.இ.டி. புள்ளி புள்ளியாக அணைவதால், முழுதும் இருளும் முன்பே பழுது கண்ணில் படும். தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் வண்டி நிற்பதை உணர்ந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டிக்குள் சிறு கணினி.

அந்தக் கம்பிச் சுருள்தான் என் கவலைக்குக் காரணம். சாலைக்குப் புதுத் தார் போட வருகிறவர் ஒரு குத்தகையாளர். விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர். முன்னவர் இயந்திரம் பழைய தாரைச் சுரண்டும்போது பின்னவர் கம்பி அறுந்துபோகும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் வண்டியை உணராமல், காலியான பக்கத்துக்குப் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். எரிகிற விளக்கைப் பழுது என்று யாரும் புகார் செய்வதில்லை. ஒப்பந்தத்தில் இருட்டான விளக்குக்குக் கெடு எழுதியிருக்கலாம்; குருடான விளக்குக்கும் எழுதியிருக்க வேண்டும். தார் போடுகிறவர் ஒப்பந்தத்திலேயே அறுத்த கம்பியை இத்தனை நாளில் இணைத்துத் தர வேண்டும் என்ற வரி இல்லாவிட்டால், இரண்டு குத்தகையாளரும் தத்தம் தாளைக் காட்டி நியாயமாகவே விலகிக்கொள்வார்கள்.

பிரிஞ்சாங்கில் இது சிறு விஷயமன்று. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கியா பார்ம் பக்கம் வண்டிகள் ஊர்ந்து நிற்பதை மலைக்கு வந்த எல்லாரும் கண்டிருக்கிறார்கள். சிம்பாங் பூலாய் வழியும் திறந்தபின் இரு பக்கத்திலிருந்தும் வண்டிகள் ஏறுகின்றன. சாலையின் அகலம் அதற்கு ஏற்ப வளரவில்லை. மண் சரிந்து ஒரு தடம் மட்டும் மிஞ்சும் இடத்தில் கொடி பிடிக்கும் ஆளோ, சூரிய ஒளியில் ஓடும் தற்காலிக விளக்கோ வந்து நிற்கிறது. நாள் முழுக்க மூட்டம் கவிந்திருக்கும் பருவத்தில் சூரிய விளக்கை நம்புவதற்கு முன், அதன் மின்கலம் எத்தனை நாள் தாங்கும் என்று குத்தகை கொடுக்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். சமவெளி நகருக்கு எழுதிய விதிமுறை மலைக்கு அப்படியே பொருந்தாது.

பெற்றது பெரிது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு பல நாள் அள்ளிய சரிவை இன்று இயந்திரம் மிக விரைவில் ஒதுக்குகிறது. சட்டம் கூலியைக் காக்கிறது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்து, ஜி1 முதல் ஜி7 வரை தரம் பெற்றவர்தான் அரசு வேலைக்கு வர முடியும். பிழை செய்தால் பணம் பிடிக்கலாம். இழந்தது ஒன்றுதான், ஆனால் அதுவும் சிறிதன்று. அன்று மண்டோர் பக்கத்து லயத்தில் குடியிருந்தார். மதகு அடைத்தால் அவர் வீட்டு வாசலில் போய்ச் சொல்லலாம். இன்றைய பொறுப்பாளி ஒரு கோப்புக்குள் இருக்கிறார்.

அவரை வாசலுக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும் கம்பத்துக்குக் கொண்டுவரலாம். சமிக்ஞை விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் அதன் எண், பராமரிக்கும் குத்தகையாளர் பெயர், புகாருக்கான தொலைபேசி எண், எத்தனை மணி நேரத்தில் பழுது நீக்க வேண்டும் என்ற கெடு ஆகிய நான்கையும் எழுதிவைக்கச் சொல்லி அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும். செலவு ஒரு தகரப் பலகை. அதை மலாயோடு தமிழிலும் சீனத்திலும் எழுதும்படி கேமரன் மலை மாவட்ட மன்றமும் ஜே.கே.ஆரும் கேட்டு வாங்க வேண்டும். மலைவாசிகள் நாமும் அடுத்த மன்றக் கூட்டத்திற்கு முன் எழுத்து மூலம் இதைக் கேட்போம்.