வயிற்றில் கரு, மடியில் குழந்தை: விமானத்தில் கவனிக்க வேண்டியவை

பயணிகள் விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், அதன் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு உரிய அளவில் வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. சென்னையில் விமானம் ஏறும் கர்ப்பிணி, சிறிது நேரத்திலேயே ஊட்டிக் காற்றைச் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறார். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சில புள்ளிகள் இறங்கும். ஆரோக்கியமான உடல் இதைச் சமாளித்துவிடும்.

கருவின் நிலை இன்னும் பாதுகாப்பானது. கருவின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், தாயினுடையதிலிருந்து வேறுபட்டது. ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும்போதும் அதை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. கருப்பைக்குள் எப்போதும் ஆக்சிஜன் குறைவுதான் என்பதால் கரு அதற்கேற்பவே வளர்கிறது. விமானத்தின் உயரம் அதற்குப் பெரிய மாற்றமில்லை.

தாய்க்குக் கடுமையான ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே பற்றாக்குறையாக இருக்கும்போது, காற்றிலும் ஆக்சிஜன் குறைந்தால் தாயின் உடல் திணறும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பவர்கள், அண்மையில் ரத்தப்போக்கு கண்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், குறைப்பிரசவ அறிகுறி உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவர் சம்மதிக்காமல் பறக்கக் கூடாது.

கதிர்வீச்சைப் பற்றிய பயம் பரவலாக இருக்கிறது. கர்ப்பகாலம் முழுவதற்கும் கருவுக்கு வரம்பாகச் சொல்லப்படும் அளவு 1 மில்லிசீவெர்ட். நெடுந்தூரப் பயணம் ஒன்றில் சேரும் அண்டக் கதிர்வீச்சு பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எப்போதாவது பறப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்; தொழில் நிமித்தம் இடைவிடாது பறக்கும் விமானப் பணிப்பெண்களும் விமானிகளும் கணக்குப் பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் நுழைந்து செல்லும் உலோகச் சோதனை வாசலில் எக்ஸ்ரே கிடையாது.

உண்மையான ஆபத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்பிணியின் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. இடுப்பில் வலப்பக்கத் தமனி ஒன்று இடக்காலின் பெருஞ்சிரையைக் குறுக்கே கடந்து அழுத்துகிறது. கருப்பை பெரிதாகும்போது அழுத்தம் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கு ரத்த உறைவு பெரும்பாலும் இடக்காலில் ஏற்படுவதற்கு இதுவே காரணம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால், நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குவதும், அவ்வப்போது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், மருத்துவர் சொன்னால் அழுத்தக் காலுறை அணிவதும் பயன் தரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பயணம் முடிந்து சில நாள் கழித்தும் ரத்த உறைவு வரலாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை இந்த ஆபத்து நீடிக்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்குக் கூடுதல்.

சீட் பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் படிய வேண்டும். விமானம் திடீரென்று குலுங்கும்போது எலும்பு தாங்கும் விசையைக் கருப்பை தாங்காது. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அதைப் பூட்டியே வைத்திருப்பது நல்லது.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பின் மருத்துவச் சான்று கேட்கின்றன. ஒற்றைக் கரு என்றால் 36 வாரம், இரட்டை என்றால் 32 வாரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தியாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பறப்பது கருவைக் கெடுக்கும் என்பதால் வந்த விதி அல்ல இது; நடுவானில் வலி கண்டால் பிரசவ அறையோ ரத்தமோ கிடைக்காது, குழந்தை மருத்துவரும் இருக்க மாட்டார்.

பிறந்து 48 மணி நேரம் ஆகாத சிசுவைப் பறக்க வைக்கக் கூடாது. ஒரு வாரம் கழிந்தால் நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், நுரையீரல் அல்லது இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும் மருத்துவர் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

விமானத்தில் கைக்குழந்தைகள் அழுவது பெரும்பாலும் காதுவலியால். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கிறது. விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. விழுங்கும்போதுதான் குழாய் திறக்கும். ஆகவே ஏறும்போதும், தரையிறங்குவதற்கு அரை மணி முன்னதாகவும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்க வேண்டும். அழுதாலும் குழாய் திறக்கும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் அந்த அழுகையைப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கவைப்பதற்காக மருந்து கொடுப்பது தவறு.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது எவ்வளவு பத்திரம் என்ற கேள்வி 1989 ஜூலை 19 அன்று கூர்மையாக எழுந்தது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம், அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்து நொறுங்கியது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தனர். அன்றைய வழிமுறைப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன் பெற்றோரிடம் சொன்னார். ஒரு குழந்தை இறந்தது. அதன் பின் பல ஆண்டுகள், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அவர் போராடினார். விபத்து ஆய்வு வாரியமும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் தனி டிக்கெட்டுக்குப் பணமில்லாத குடும்பங்கள் காரில் செல்லும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் இறப்பார்கள் என்று வாதிட்டு அமெரிக்க விமானத் துறை அதைக் கட்டாயமாக்கவில்லை. வாதத்தில் நியாயம் இருந்தாலும் இயற்பியல் மாறாது: பலத்த அதிர்வில் தாயின் கைகளால் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

வசதி இருந்தால் தனி இருக்கையும் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையுமே சிறந்தவை. இல்லாவிட்டால், தரப்படும் இணைப்புப் பெல்ட்டைக் குழந்தைக்குத் தனியாக மாட்ட வேண்டும். தாயின் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் பூட்டினால், தாயின் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். சுவரில் மாட்டும் தொட்டில், ஏறும்போதோ இறங்கும்போதோ விமானம் குலுங்கும்போதோ குழந்தைக்கு உரிய இடம் அல்ல.

ஆக்சிஜன் முகமூடி இறங்கினால் தாய் முதலில் தான் அணிய வேண்டும். 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால் தெளிவோடு செயல்படக் கிடைப்பது 30 முதல் 60 வினாடி மட்டுமே. அதற்குள் தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு முகமூடி மாட்ட ஆளிருக்காது. மடிக்குழந்தைக்காக இருக்கைத் தொகுதியில் ஒரு முகமூடி கூடுதலாக இருக்கும். ஒரே தொகுதியில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு இடம் தரப்படாததற்கு இதுவே காரணம்.