உப்புக் காற்றில் உழைக்கும் பழைய பிக்கப் வண்டி

மிளகாய்க்கு நுனிக்கருகல் வந்தால் எங்களிடம் வந்து மருந்து கேட்கிறீர்கள். ஆனால் விளைந்த வற்றலைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வண்டிக்கு நோய் வந்தால் யாரிடம் கேட்பது? வயல் ஆய்வுக்கு உச்சிப்புளி, திருப்புல்லாணி, முதுகுளத்தூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. நான் உழவியல் ஆசிரியன், மெக்கானிக் அல்லன். ஆயினும் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பட்டுத் தெரிந்துகொண்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம், ஏறக்குறைய 700 கிலோ குண்டு மிளகாய் வற்றலை ஏற்றிக்கொண்டு என் தம்பி பரமக்குடிக்குப் புறப்பட்டான். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது மிதி தரை வரை இறங்கிவிட்டது. எதிரே சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். வண்டியை வயலுக்குள் இறக்கி வரப்பில் மோதி நிறுத்தினான். பிள்ளைகள் பிழைத்தார்கள், தம்பிக்குக் கை எலும்பு முறிந்தது. பின்னர் அடியில் படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சேஸிஸில் கவ்வி பிடித்திருந்த இடத்தில் பிரேக் குழாய் துருவேறி வெடித்திருந்தது. ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகும்போது அந்தத் துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்டு அடித்து வந்தவர்கள் நாங்கள்தாம். தவறு எங்களுடையது.

உப்பு என்ன செய்கிறது?

கார்த்திகை மாதத்தில் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள். மழை நீர் ஒரு சொட்டுக்கூட அதில் விழாவிட்டாலும் உப்பு கசிந்து நீர் கோத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் இரவு நேரங்களில் காற்று பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே அலைத் தூவலாகப் பறந்து வந்து வண்டியின் அடியில் படிந்த உப்பு, இரவெல்லாம் இரும்பை உப்பு நீரால் நனைத்துக்கொண்டே இருக்கிறது. மழை பெய்யாத கோடையிலும் கடலோர வண்டி துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

நம் மாவட்டத்துக் காற்றின் அரிக்கும் தன்மை அறிவியலாருக்கு நன்கு தெரிந்த செய்தி. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் பயன்படுத்தப்பட்டன. இணைப்புகள் முழுவதுமாக வெல்டிங் செய்யப்பட்டன. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில்தான் உப்பும் ஈரமும் தங்கும். உங்கள் வண்டியிலும் துரு முதலில் பிடிக்கும் இடம் இடுக்குகளே. சேஸிஸின் பெட்டி போன்ற பகுதிகள், ஸ்பிரிங் பிளேட்டுகளின் இடைவெளி, பிரேக் குழாய்க் கவ்விகள், சரக்குப் பெட்டியின் தரை மூட்டுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

கழுவுவதே முதல் மருத்துவம்

வண்டியின் மேற்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பவர்கள் பலர். அடியில் நீர் அடிப்பவர்கள் சிலரே. வாரம் ஒரு முறை நல்ல நீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். தனுஷ்கோடி மணலிலோ உப்பளச் சாலையிலோ ஓடிய நாளில் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கரிக்குமானால் அதைக் கொண்டு கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். குடிநீர் ஊருணியில் யாரும் வண்டியை இறக்க வேண்டாம். மழை நீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துக் குடத்தில் மொண்டு ஊற்றினாலும் போதும்.

மிளகாய் இல்லாத மாதங்களில் வாடகைக்கு மீன் ஏற்றுவோர் உண்டு. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் நீர் உப்பு நீரே. அது தரை மூட்டுகளின் வழியே இறங்கிச் சேஸிஸில் தங்கும். கீழே தார்ப்பாய் விரித்து, வடிநீர் பின்புறமாக வெளியேறும்படி செய்யுங்கள். சேஸிஸிலும் கதவின் அடியிலும் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

துருவின் மேல் பெயிண்டு அடிக்காதீர்கள்

துருவையும் உப்பையும் நீக்காமல் பெயிண்டு அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். வெளியே மட்டும் அழகு இருக்கும். முதலில் நல்ல நீரால் கழுவி நன்கு காய விடுங்கள். பிறகு கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை தேய்த்து, தூசு துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். அது காய்ந்தபின் இரண்டு கோட்டு பெயிண்டு வேண்டும்.

கழிவு ஆயிலை அடிப்பாகத்தில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊதி மெலியச் செய்யும். அதோடு சொட்டுச் சொட்டாக வயலில் விழுந்து மண்ணைக் கெடுக்கும். பெட்டிப் பகுதிகளுக்குள் அதற்கென விற்கும் மெழுகுப் பூச்சைச் செலுத்துவதே நல்லது.

சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்று ஒலித்து ஏடு ஏடாக உதிர்ந்தால் வெல்டிங் தேவை. ஸ்பிரிங் தாங்கியின் அருகில் விரிசல் கண்டால் தேர்ந்த பட்டறையில் மட்டுமே கொடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். டீசல் குழாயும் பிரேக் குழாயும் அருகில் உள்ளனவா என்று பாருங்கள்.

பிரேக்: உயிர் காக்கும் உறுப்பு

பிரேக் குழாயின் சுவர் ஒரு மில்லி மீட்டர் கனம்கூட இராது. ஆகவே சிறு துருவும் அதற்குப் பெரிய நோய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கவ்வியையும் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். குழாயில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்; ஒட்டுப் போடக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்தால் அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். சிலிண்டரின் உட்புறமும் துருவேறும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றுங்கள். மூடி திறந்து பல மாதம் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த வண்டியில் அன்று சுமை ஏற்றாதீர்கள்.

ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் எந்த நீர்?

உப்பு நீர் பாய்ச்சினால் பயிர் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ரேடியேட்டரும் அப்படியே. உவர் நீர் குழாய்களை அரிக்கும். கடின நீர் சுண்ணாம்பாகப் படிந்து அவற்றை அடைக்கும். பின்னர் சித்திரை வெயிலில் சுமையோடு ஓடும்போது என்ஜின் கொதிக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கூலன்டை, சொன்ன அளவில், காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் வடித்துவிட்டு மாற்றுங்கள். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. முனைகளில் பூக்கும் வெண்மை அல்லது பச்சைப் பொடியை வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சேஸிஸில் சேரும் எர்த் கம்பியின் அடியையும் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி போய்விட்டது என்று கருதிய பல வண்டிகளில் குறை இந்த ஒரு போல்ட்டில்தான் இருக்கும்.

டீசல் டேங்கைக் காலியாக நிறுத்தி வைத்தால் உள்ளே உள்ள காற்றின் ஈரம் நீராகப் படியும். மாலையில் நிரப்பி நிறுத்துவது நல்லது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மாதம் ஒரு முறை நீரை வடித்துவிடுங்கள்.

மணலிலும் சேற்றிலும் புதைந்தால்

சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையானால் உடனே காலை எடுங்கள். மேலும் மிதித்தால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும், கிளட்சும் கருகும். சுமையை இறக்குங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைச் சரிவாக வாரி, பனை மட்டையோ தென்னை மட்டையோ சாக்கோ திணியுங்கள். டயர்க் காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் டயர் பரந்து மணலைப் பற்றும். இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். தார்ச்சாலையில் ஓடுவதற்கு முன் காற்றைத் திரும்ப நிரப்புவது கட்டாயம்.

கட்டி இழுக்கும்போது

கட்டி இழுப்பதில் உயிரிழப்புக்குக் காரணமாவது பெரும்பாலும் அறுந்து பறக்கும் கயிறும், பிய்ந்து பறக்கும் கொக்கியும்தான். பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

1. சேஸிஸிலுள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். பம்பரிலோ ஸ்டியரிங் தண்டிலோ கட்டக் கூடாது. துருவேறிய கொக்கியை முதலில் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. படகுத்துறையில் கழித்த பழைய கயிற்றை நம்ப வேண்டாம். வெயிலில் காய்ந்த கயிறு பலம் இழந்திருக்கும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

3. கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போடுங்கள். அறுந்தால் கயிறு வீசி அடிக்கும் வேகம் குறையும். கயிற்றின் நீளத்துக்கு இரு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

4. கயிற்றை முதலில் இறுக்கிப் பிறகே இழுங்கள். வெடுக்கென்று இழுப்பது ஆபத்து.

5. சாலையில் இழுக்கும்போது இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வேகம் மணிக்கு 20 கிலோ மீட்டருக்குள் இருக்கட்டும். கயிற்றில் சிவப்புத் துணி கட்டி, பின்வண்டியில் இழுத்துச் செல்லப்படுவதாக எழுதித் தொங்கவிடுங்கள்.

6. பின்வண்டியில் உரிமம் உள்ள ஓட்டுநர் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக் மிகவும் கடினமாகும். முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பிரேக்கே இல்லாத வண்டியைக் கயிற்றால் இழுக்கக் கூடாது. மற்றொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு செல்ல வேண்டும்.

7. நெடுந்தூரம் இழுப்பதானால் பின்சக்கரத்துக்குச் செல்லும் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது கியர்பெட்டிக்குள் ஆயில் சரியாக ஏறாது.

சிலர் டிராக்டர் டிரெய்லரைப் பிக்கப்பில் கோத்துச் சவுக்கும் கரிமூட்டையும் இழுக்கிறார்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். முன்வண்டியின் பிரேக் இரண்டு சுமைகளையும் தாங்க வேண்டும். 2005-ல் வந்து ஊரெங்கும் பரவிய 'குட்டியானை' போன்ற சிறு வண்டி இதற்கு உரியதே அன்று. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தேவை.

எப்போது எதைச் செய்யலாம்?

புரட்டாசியில் மழைக்கு முன் துரு நீக்கிப் பிரைமர் அடித்தல், வைப்பர், விளக்கு, டயர் பார்த்தல். தை மாதம் மிளகாய் அறுவடைக்கு முன் பிரேக் குழாய்களைப் பார்த்தல், சக்கர பேரிங்குக்குப் புதிய கிரீஸ் இடுதல். சித்திரை வெயிலுக்கு முன் ரேடியேட்டரைக் கவனித்தல். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அதிகாரிக்குக் காட்டும் சடங்காக எண்ணாமல், வண்டியை முழுவதும் சோதிக்கும் நாளாகக் கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் பெயிண்டைப் பார்த்து விலை பேச வேண்டாம். ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். என்ஜினைப் பிரித்துச் சரி செய்யலாம்; உதிர்ந்த சேஸிஸைச் சரி செய்வது கடினம்.

என் தம்பியின் கை ஆறிவிட்டது. அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. தை பிறந்ததும் அவன் முதலில் செய்வது, ஒவ்வொரு கவ்வியாகக் கழற்றிப் பிரேக் குழாயைத் தடவிப் பார்ப்பதுதான். அதற்கு ஒரு காலைப் பொழுதே ஆகிறது. நீங்களும் இந்த ஆண்டு முதல் மூட்டையை ஏற்றுவதற்கு முன் அந்தக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.